மாலை கழற்றிய மறுநாள் யார் துணை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கோயில் அபிஷேகம், திருவாசக முற்றோதல், யோகா வகுப்பு, இலவசக் கண் பரிசோதனை எல்லாவற்றுக்கும் கீழே பல நாட்களில் ஒரு வரி இருக்கும்: குடிப்பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர் கூட்டம், இன்ன இடம், மாலை 7 மணி. புகை விட நினைப்பவருக்கு அப்படி ஒரு வரி கண்ணில் படுவதில்லை. உலகப் புகையிலை ஒழிப்பு நாளான மே 31 அன்று பேரணி போகிறது, பதாகை பிடிக்கிறோம், கையை நீட்டி உறுதிமொழி சொல்கிறோம். ஜூன் 1 காலை அதே பேக்கரி வாசல், அதே டீ, அதே தம். 'மனசு வெச்சா விட்டுடலாம்' என்ற அறிவுரை மட்டும் வருடம் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. பொது இடத்தில் புகைக்கத் தடை 2008 அக்டோபர் 2 முதல் நடப்பில் இருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண் அச்சாகிறது. ஆனால் நம் ஊரில் பாக்கெட் வாங்குபவர்கள் எத்தனை பேர்? டீ சொல்லிவிட்டு 'ஒரு கிங்ஸ்' என்பதுதான் வழக்கம். கடைக்காரர் பிரித்து வைத்த பாக்கெட்டிலிருந்து ஒன்றை உருவிக் கொடுக்கிறார். எண் கடைக்காரர் கையிலேயே நின்றுவிடுகிறது. ஒத்தையாக வாங்குபவருக்குக் கிடைப்பது சிகரெட் மட்டும்தான்.

2016-17இல் நடந்த தேசிய அளவிலான புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55.4 சதவீதம் பேர் விடத் திட்டமிடுவதாகவோ யோசிப்பதாகவோ சொன்னார்கள். ஆசைக்குக் குறைவில்லை. ஆனால் மருந்தோ ஆலோசனையோ துணையோ இல்லாமல் ஒருவராக நிறுத்துகிறவர்களில், ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை தாக்குப்பிடிப்பவர்கள் நூற்றுக்கு 3 முதல் 5 பேர்தான். சறுக்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் எட்டு நாட்களுக்குள்ளேயே சறுக்கிவிடுகிறார்கள். இதற்குக் காரணம் மன உறுதிக் குறைவு அல்ல. ரத்தத்தில் இருக்கும் நிகோடின் சுமார் இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். நிறுத்திய சில மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். அந்த உச்ச நாளில் ஆள் எங்கே, யாருடன் நிற்கிறார் என்பதுதான் கேள்வி.

இதற்கு விடை நம் ஊரிலேயே வருடா வருடம் நடக்கிறது. கார்த்திகை முதல் தேதி ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களைப் பாருங்கள். நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தவர், லேத் பட்டறையில் பீடிக்கட்டு இல்லாமல் வேலையே ஓடாது என்றவர், துளசி மணி கழுத்தில் ஏறிய அன்றே நிறுத்திவிடுகிறார். 41 நாள், சிலர் 48 நாள். மருந்து இல்லை, ஆலோசகர் இல்லை. என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் நிறைய இருக்கிறது. நாள் முன்கூட்டியே குறித்தாகிவிட்டது. ஊருக்கே தெரிகிறது. நேற்று வரை 'ஏப்பா, ஒரு தம்' என்றவரே இன்று 'சாமி' என்கிறார், நீட்டுவதில்லை. அதிகாலையில் குளியல், மாலையில் பஜனை என்று கை சும்மா இருக்கும் நேரமே குறைவு. கூடவே ஐந்தாறு சாமிகள். மேலே ஒரு குருசாமி, பல வருடம் மலைக்குப் போனவர், எந்த நாளில் என்ன தடுமாற்றம் வரும் என்று தெரிந்தவர். புகை விடுவோர் குழுவுக்கு வேண்டிய அத்தனை உறுப்பும் இதில் அடக்கம்.

நாற்பத்தொரு நாளில் உடம்பு நிகோடினைக் கடந்து வெகுதூரம் வந்துவிடுகிறது. அப்புறம் மலையிறங்கி, ஊர் வந்து, மாலையைக் கழற்றுகிறார்கள். பலர் அன்று மாலையே பற்றவைக்கிறார்கள். உடம்பு கேட்டா பிடிக்கிறார்கள்? இல்லை. மாலையோடு சேர்த்து 'சாமி' என்ற அழைப்பும் போயிற்று, பஜனை நேரமும் போயிற்று, குழுவும் கலைந்தது, நீட்டுகிற கை மட்டும் திரும்ப வந்துவிட்டது. கிறிஸ்தவர்களின் தவக்காலத்திலும் இதே கதைதான். ஒரு மாதத்துக்கு மேல் சுத்தமாக இருந்த உடம்பை ஒரே நாளில் திருப்பிக் கொடுப்பதைப் போன்ற நஷ்டம் வேறில்லை. எந்தக் குழுவும் தன் முதல் கூட்டத்தை மார்கழி நடுவில், மாலை கழற்றுகிற நாளில் வைத்தால், கடினமான பாதிப் பாதையை ஏற்கெனவே நடந்து முடித்தவர்களே வந்து உட்காருவார்கள்.

கூட்டாக விடுவது வெறும் நம்பிக்கை சார்ந்த பேச்சு அல்ல. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில் 1971 முதல் 2003 வரை பின்தொடரப்பட்ட 12,067 பேரின் உறவு வலையை நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் இருவரும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36, சிறிய நிறுவனத்தில் கூட வேலை செய்பவர் விட்டால் 34, உடன்பிறந்தவர் விட்டால் 25. ஒருவரோடு ஒருவர் தொடர்புள்ளவர்கள் கொத்துக் கொத்தாகவே விட்டிருக்கிறார்கள். ஐம்பது பேர் வேலை செய்யும் பம்ப்செட் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு இருக்கிற கோவையில் அந்த 34 என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும்.

வீட்டார் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுத்து ஆதரவைக் கூட்டும் முயற்சிகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வுகளில் தெளிவான பலன் தெரியவில்லை. குழுவாகப் பயிற்சி பெற்றவர்களோ, புத்தகத்தை வைத்துத் தாமே முயன்றவர்களைவிட நன்றாகவே தேறினார்கள். காரணம் ஊகிக்கக் கூடியதுதான். சட்டையை மோந்து பார்க்கும் மனைவியிடம் கணவன் பொய் சொல்வான். தானும் அதே பாடுபடும் ஆளிடம் பொய் சொல்லித் தப்ப முடியாது, சொல்லவும் அவசியமில்லை.

சரி, எப்படிச் சேர்வது? ஆறு பேர் போதும், எட்டுக்கு மேல் வேண்டாம். எல்லோரும் பேச ஒரு மணி நேரம் போதவேண்டும் அல்லவா. ஒரே பட்டறை, ஒரே ஆட்டோ ஸ்டாண்டு, ஒரே டிப்போ என்றால் நல்லது, ஏனென்றால் சேர்ந்து புகைத்தவர்களே சேர்ந்து விடுகிறார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குழு முறையை நம் வசதிக்குத் தைத்துக்கொள்ளலாம்: நிறுத்துவதற்கு முன் இரண்டு வாரக் கூட்டம், மூன்றாவது கூட்டத்தன்று எல்லோருக்கும் ஒரே நாளில் நிறுத்தம், பிறகு நான்கு வாரம் வாராவாரம். அதற்குப் பின் மூன்று மாதம் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ஓராண்டு வரை மாதம் ஒருமுறை. நாலு வாரத்தோடு கலைத்துவிடுகிற குழு, மாலை கழற்றிய சாமிகளின் கதிக்குத்தான் போகும்.

முதல் இரண்டு வாரம் யாரும் நிறுத்த வேண்டாம், எழுதட்டும். ஒரு துண்டுக் காகிதம், ரப்பர் பேண்டு போட்டுத் தீப்பெட்டியோடு கட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் முன்னால் (பின்னால் எழுதினால் மறந்துபோகும்) மூன்று விஷயம்: மணி, கூட இருப்பது யார், எவ்வளவு தேவை என்று ஒன்றிலிருந்து மூன்றுக்குள் ஒரு மதிப்பெண். இரண்டாம் கூட்டத்தில் காகிதங்களை மேஜையில் பரப்பினால் ஒன்று துலங்கும். எழுந்ததும் பிடிக்கும் முதல் சிகரெட்டும், சாப்பாட்டுக்குப் பின்னதும் உடம்பு கேட்டவை. பதினொரு மணி டீ, நாலு மணி டீ, லோடு ஏற்றக் காத்திருக்கும் நேரம் இவையெல்லாம் ஆள் கேட்டவை. 'ஒண்ணு' என்ற மதிப்பெண்ணோடு பிடித்தவையே பலருக்குப் பாதிக்கு மேல் இருக்கும். முதல் வகைக்கு மருந்து வேண்டும், இரண்டாம் வகைக்குக் கூட்டாளி வேண்டும். இந்தப் பிரிவினை புரியாமல் இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதால்தான் பாதி முயற்சிகள் கெடுகின்றன.

நிறுத்தும் நாளைச் செவ்வாய் என்று வைத்துக்கொள்வது எங்கள் யோசனை. நல்ல நாள் பார்க்கிறவர்கள் செவ்வாயா என்று முகம் சுளிப்பார்கள், கணக்கைக் கேளுங்கள். உச்ச எரிச்சல் புதன், வியாழனில் வந்து போய்விடும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்து நாலு பேர் டாஸ்மாக் பக்கம் திரும்பும்போது ஆளுக்கு ஐந்தாவது நாள், பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும். வெள்ளிக்கிழமை தொடங்குகிறவருக்கு உச்சமும் சம்பள ஞாயிறும் ஒன்றாக வந்து விழும். முதல் மாதம் குடியை அறவே தள்ளிவைப்பது உத்தமம். தாக்குப்பிடிப்பவர்களையும் கவிழ்ப்பது அதுதான்.

ஜோடி சேர்ப்பதில் ஒரு நுணுக்கம். இருவர் இருவராகப் பிரிக்கத் தோன்றும், அது வேண்டாம். இருவரில் ஒருவர் தளர்ந்தால் மற்றவரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார், தப்பித்தவர் யாரும் மிஞ்சமாட்டார். மும்மூன்று பேராக இருந்தால் மூன்றாமவர் கேட்பார். மூவரும் முதல் வாரம் தினம் இரண்டு முறை பேசிக்கொள்ள வேண்டும்: வழக்கமாக முதல் சிகரெட் பற்றவைக்கும் நேரத்தில் ஒருமுறை, வேலை முடிந்து வண்டியை எடுக்கும் நேரத்தில் ஒருமுறை. வாட்ஸ்அப் குழு வைத்தால் அதற்கு ஒரே வேலைதான். வாய் நமநமக்கிறது, கை பரபரக்கிறது என்றால் ஒரு புள்ளி வைத்தால் போதும். பார்த்த முதல் ஆள் ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிட வேண்டும். பதிலுக்குப் பூங்கொத்துப் படம் அனுப்புவது கூப்பிட்டதாகாது. காலை வணக்கம், ராசிபலன், அரசியல் இந்த மூன்றும் ஏறிய குழுவில் நாலாம் நாள் எல்லோரும் சத்தத்தை அணைத்துவிடுவார்கள், அப்புறம் புள்ளியை யார் பார்ப்பது?

கூப்பிடுகிறவர் அறிவுரை சொல்லக்கூடாது. நுரையீரல் படத்தை நினைவுபடுத்தக்கூடாது. 'அண்ணா, எங்க நிக்கறீங்க? பக்கத்துல யாரு? அப்படியே நடந்துட்டே பேசுங்க' என்று ஆளை அந்த இடத்திலிருந்து நகர்த்தினாலே போதும். ஒரு வேட்கை எழுந்து அடங்க மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். பேக்கரியிலிருந்து பட்டறை வாசல் வரை நடக்கிற நேரம் அது. தண்ணீரை வாய் வாயாகக் குடிப்பது, மெல்ல மூச்சை இழுத்து விடுவது எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தை நிரப்பத்தான்.

'வேண்டாம்' சொல்வதை முதல் கூட்டத்திலேயே வாய்விட்டுப் பழக வேண்டும். சிரிப்பு வரும், வரட்டும். பாக்கெட்டைத் தட்டி ஒரு சிகரெட்டைப் பாதி வெளியே தள்ளி நீட்டுவார் நண்பர். 'டாக்டர் வேண்டாம்ன்னுட்டாரு' என்றால் 'ஒண்ணுல என்ன ஆயிடும்' என்று வாதம் தொடங்கும். 'குறைச்சுட்டு இருக்கேன்' என்றால் 'அப்ப இன்னிக்கு ஒண்ணு' என்பார். 'விட்டுட்டேன்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு வாதம் கிடையாது. நிறுத்தி ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தாலும் அதையே சொல்லலாம்.

இனி மருந்து. குழுவில் பேசாமல் விடப்படுவதும் தப்பாகவே புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். எழுந்த அரை மணிக்குள் பற்றவைக்கிறவருக்கு 4 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராம். இரண்டாவது மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைக்கும், முதலாவதுக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். பெயரில் சூயிங்கம் என்று இருப்பதுதான் வினை. மாடு அசைபோடுவதுபோல் மென்று தள்ளுகிறார்கள். நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய் விக்கலும் நெஞ்செரிச்சலும் வருகின்றன, இது நமக்கு ஒத்துக்கலை என்று மூன்றாம் நாள் தூக்கி எறிகிறார்கள். மெல்ல வேண்டும், மிளகு கடித்ததுபோல் சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்திக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு மூன்று மெல்லல், வேறு பக்கம் ஒதுக்கல். இப்படி அரை மணி. நிகோடின் உள்ளே போகும் வழி கன்னத்தின் உட்தோல், வயிறு அல்ல. டீ, காபி, எலுமிச்சைச் சாறு, குளிர்பானம் வாயில் அமிலத்தைக் கூட்டி அந்த வழியை அடைத்துவிடும். ஆகவே கால் மணி நேரத்துக்கு முன்பும் வாயில் இருக்கும்போதும் எதுவும் குடிக்கக் கூடாது. டீயோடு தம் போட்டவர் டீயோடு கம் போட்டால் காசுதான் வீண்.

அடுத்த தப்பு சிக்கனம். நாளைக்கு இரண்டு மென்றுவிட்டுப் பலனில்லை என்பார்கள். முதல் ஆறு வாரம் ஒன்றிரண்டு மணிக்கு ஒன்று, அதாவது நாளைக்குக் குறைந்தது ஒன்பது வேண்டும். பிறகு படிப்படியாகக் குறைத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிக்கலாம். தோலில் ஒட்டும் பட்டையும் கம்மும் சேர்ந்து பயன்படுத்துவது ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நன்றாக வேலை செய்கிறது. வரெனிக்ளின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகள் மருத்துவர் சொன்னால் மட்டும். இரண்டையும் நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரமாவது முன்பே தொடங்க வேண்டும், வலிப்பு உள்ளவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. அதனால்தான் மருத்துவரைப் பார்ப்பது தயாரிப்பு வாரத்து வேலை. கர்ப்பிணிகளும், அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் எந்த நிகோடின் மருந்துக்கும் முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

டீயைப் பற்றி இன்னொன்று, இது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. புகையில் இருக்கும் தார்ப்பொருட்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் காஃபினை வேகமாகக் கழிக்க வைக்கின்றன. புகை நின்றதும் அந்த முடுக்கம் நின்றுபோகும். நேற்று குடித்த அதே ஆறு டீ இன்று உடம்பில் ஏறக்குறைய இரட்டிப்பு வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம். எல்லாவற்றையும் சிகரெட் கணக்கில் எழுதிவிட்டு 'என்னால முடியலப்பா' என்கிறார்கள். நிறுத்திய அன்றே டீயைப் பாதியாக்குங்கள். ஆஸ்துமாவுக்கும் மூச்சிரைப்புக்கும் தியோஃபிலின் சாப்பிடுகிறவர்களுக்கும், மனநல மருந்துகளில் குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களுக்கும் இதே காரணத்தால் மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறும். வாந்தி, படபடப்பு, மந்தம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. நிறுத்தப் போவதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட்டால் அளவை அவர் சரிசெய்வார்.

'காலைல ஒரு தம் போட்டாத்தாங்க வெளிக்கு வரும்.' ஆண்கள் குழுவில் இதைச் சொல்லாத ஆளில்லை. பொய்யில்லை. நிகோடின் குடலை நகர்த்துகிறது, நின்றால் சில வாரம் மலச்சிக்கல் வரத்தான் செய்யும். இதற்காகவே ஒரே ஒரு காலைச் சிகரெட்டை 'மருந்தாக' வைத்துக்கொள்கிறவர்கள் பத்து நாளில் பழைய கணக்குக்குத் திரும்பிவிடுவார்கள். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், முந்தின இரவே வாழைப்பழம், கீரை, கழிப்பறைக்குக் கால் மணி நேரம் கூடுதல். குழுவில் யாராவது ஒருவர் கூச்சம் விட்டு இதைப் பேசிவிட்டால் மற்ற ஐவருக்கும் மூச்சு வரும். வாய்ப்புண், இருமல் கூடுவது, பசி இவையும் வரும். இருமல் கூடுவது பயப்படவல்ல, மூச்சுக்குழாய் தன்னைத் துடைத்துக்கொள்கிறது. ஆனால் வாரக்கணக்கில் நீடித்தாலோ சளியில் ரத்தம் கண்டாலோ மருத்துவமனைதான். ஓராண்டில் சராசரியாக நாலைந்து கிலோ எடை ஏறும், அதைப் பற்றி இங்கே நீட்டவில்லை.

கெடுவது எங்கே என்று கேட்டால் முதலில் ஒளிப்பதில். ஒருவர் கல்யாண மண்டபத்துக்குப் பின்னாலோ இழவு வீட்டுத் திண்ணையிலோ ஒரு பீடி இழுத்துவிடுவார். அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். ஒருவர் வராமல் போனால் மூன்றாம் வாரம் நாலு நாற்காலி காலி. அதனால் விதியை முதல் நாளே பேசிவைக்க வேண்டும்: சறுக்கினால் 24 மணி நேரத்துக்குள் மூவரில் ஒருவரிடம் சொல்வது, மிச்சத்தை நீரில் நனைத்துப் போடுவது, பட்டையைக் கழற்றாமல் தொடர்வது. 'இனி ஒரு இழுப்பும் இல்லை' என்ற விதி அப்படியே இருக்கும். ஆனால் நாள் கணக்கை எல்லோர் முன்னாலும் பூஜ்யத்துக்குத் திருப்பும் வழக்கம் எங்களுக்கு உடன்பாடில்லை. 37 நாள் புகையில்லாமல் இருந்தவர் அந்த 37ஐ இழக்க பயந்துதான் பொய் சொல்கிறார். புகையில்லாத நாட்கள் 37, சறுக்கல் 1 என்று எழுதினால் பொய்க்கு அவசியமில்லை. கார்பன் மோனாக்சைடு ஊதிப் பார்க்கும் கருவி கிடைத்தால் நல்லது. பதினைந்து விநாடி மூச்சை அடக்கி ஊத வேண்டும். 25, 30 என்று காட்டிய எண், நிறுத்திய மறுநாளே ஒற்றை இலக்கத்துக்கு இறங்குவதைக் கண்ணால் பார்ப்பது பெரிய தெம்பு. அதையே போலீஸ் ஊதுகுழல்போல் பயன்படுத்தினால் குழு அன்றோடு சரி.

காசு விஷயமும் அப்படித்தான். சிகரெட் காசை தினம் உண்டியலில் போடுவது நல்ல பழக்கம். சறுக்கினால் அபராதம் என்று வைத்தால் மறுபடி ஒளிப்புதான். அவரவர் காசு அவரவருக்கே. இன்னொரு கேடு, பழைய ஆட்கள். விட்டு ஓராண்டு ஆன ஒருவர் குழுவில் இருப்பது பலம், குருசாமி மாதிரி. ஆனால் 'நானெல்லாம் ஒரே நாள்ல தூக்கிப் போட்டேன்' என்று ஒவ்வொரு வாரமும் அவர் ஆரம்பித்தால் மூன்றாம் நாளில் தவிப்பவர் தன்னை இன்னும் கேவலமாக நினைப்பார். பழையவருக்கு இரண்டு நிமிடம், புதியவருக்குப் பத்து. கடைசியாக, உதட்டுக்குள் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலத்துக்கு மாறிவிட்டு 'புகை விட்டாச்சு' என்பவர்கள். அது விடுதலை அல்ல, வாசல் மாற்றம். மின்சிகரெட்டோ 2019 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது.

சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழ்க்கையே வேண்டாம் என்ற பேச்சு வந்தாலோ அது குழு தாங்கும் சுமை அல்ல. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் மனநல ஆலோசனை இலவசம், உடனே இணைத்துவிட வேண்டும்.

பெண்களைப் பற்றிக் குழுக்கள் பேசுவதே இல்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் பாட்டிமார்களும், யாருக்கும் தெரியாமல் புகைக்கும் இளம்பெண்களும் ஆண்கள் நிறைந்த அறைக்கு வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனிக்குழு, இல்லையேல் தொலைபேசி.

தொலைபேசி என்றதும் பாக்கெட்டில் இருக்கும் 1800-11-2356க்குத் திரும்ப வேண்டும். 2016இல் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிறுவனத்தில் தொடங்கிய சேவை இது. இப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை வழியாகத் தமிழிலும் பேசுகிறார்கள். நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் பிறகு அவர்களாகவே கூப்பிட்டு விசாரிப்பதுதான் இதன் சிறப்பு. திங்கள் விடுமுறை, மற்ற நாட்களில் காலை 8 முதல் இரவு 8 வரை. நல்ல சேவை. ஆனால் சனிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு வரும் வேட்கைக்கு எதிரே எடுக்க வேண்டியது பக்கத்துத் தெரு ஆள்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் புகையிலை மீட்பு மையங்கள் உண்டு. அவை இயங்குவது பகல் நேரத்தில், ஆளுக்கு ஆள் தனித்தனியாக. ஷிப்டு விட்டு வருகிறவருக்கு அது எட்டாது. வாரம் ஒரு மாலை, ஒரு அறை, எட்டு நாற்காலி, ஊதும் கருவி ஒன்று, ஒரு மணி நேரம் இருக்க ஒரு ஆலோசகர் என்று சுகாதாரத் துறை ஏற்பாடு செய்தால் செலவு அதிகமில்லை. பட்டறை முதலாளிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: நிறுத்துகிற ஆறு பேருக்கு முதல் மாதம் டீ இடைவேளையைக் கால் மணி நேரம் தள்ளிக் கொடுங்கள். புகைக்கிறவர்கள் பேக்கரியிலிருந்து திரும்பிய பிறகு இவர்கள் போகட்டும்.

தங்களிடம் கேட்பது இன்னும் சிறியது. 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் குடிமீட்புக் கூட்டத்து வரிக்குக் கீழே இன்னொரு வரிக்கு இடம் கொடுங்கள். எந்த ஊரில் குழு கூடினாலும் இடமும் நேரமும் எழுதி அனுப்பச் சொல்லி ஓர் அறிவிப்பு போடுங்கள். முதல் வரி மார்கழி நடுவில் வந்தால் நல்லது: 'புகை விட விரும்புவோர் கூட்டம், செவ்வாய், மாலை 7 மணி, அனுமதி இலவசம். மாலை கழற்றிய சாமிகள் நேரே வரலாம்.'

இப்படிக்கு,
புகை விடுவோர் குழுக்களுக்கு வழிகாட்டும் செவிலியர், ஆலோசகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்.